கட்டிய சக்கரம் கோணுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சைக்கிள் சக்கரத்தில் கோளாறு கண்ணுக்குத் தெரிவது ரிம்மில். கோளாறு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கம்பியில். வீட்டில் முதன்முதலாக வீல் கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ரிம் எங்கே கோணுகிறதோ அங்கேயே நிப்பிளை (கம்பியின் நுனியை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன நட்டு) சாவி போட்டுத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வழியாக ரிம் நேராகிவிடும். ஆனால் கம்பிகளில் ஒன்று வீணைத் தந்தி போல விறைத்திருக்கும், பக்கத்துக் கம்பி துணி காயும் கொடி போலத் தொய்ந்திருக்கும். அந்த வீல் அதிக நாள் தாங்காது.

ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த இடத்தில் கம்பிகளின் இறுக்கம் எப்படி இருக்கிறது?

கணக்குக்கு எடுத்துக்கொண்டிருப்பது இன்று பரவலாகக் கிடைக்கும் அமைப்பு: 700சி ரிம், 32 ஓட்டை, மூன்று குறுக்குப் பின்னல் (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்து மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டும்), 2 மி.மீ. தடிமன் உள்ள துருப்பிடிக்காத கம்பி, பித்தளை நிப்பிள். கம்பி என்று இங்கே சொல்வது கடையில் போக்ஸ் என்று கேட்டு வாங்குவதைத்தான்.

சாவியைத் தொடும் முன்

சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் கடக்கென்று ஆடக்கூடாது. ஆடினால், ஆக்சிலில் பால்ஸை அணைத்து நிற்கும் கோனைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை. ஆடும் ஹப்பில் கோட்டம் எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கோட்டம் ஒவ்வொரு இடத்தில் தெரியும்.

நிப்பிள் சாவி சரியான அளவா? பரவலாக உள்ளவை 3.23, 3.30, 3.45 மி.மீ. என மூன்று. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். சின்னதிலிருந்து தொடங்கி, எது நிப்பிளில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதோ அதை எடுங்கள். பல அளவும் ஒரே வட்டத்தில் வெட்டிய மலிவுச் சாவியில் நிப்பிளின் முனை மழுங்கிப்போகும். பல வீல்கள் பாதியில் நிற்பதற்கு அதுவே காரணம்.

மரைக்கு எண்ணெய் போட்டீர்களா? கம்பியின் மரையிலும், நிப்பிள் உட்காரும் ரிம் ஓட்டையிலும் ஒரு துளி போதும். தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் இன்னும் நல்லது. வேலை செய்யும்போது வழுக்கிக்கொடுக்கும், பிறகு காய்ந்து நிப்பிளை இலேசாகப் பிடித்துக்கொள்ளும்.

வீல் ஸ்டாண்டு இல்லாவிட்டால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் இரு காலிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டுங்கள். அவற்றின் வாலை ரிம்முக்கு ஒரு மி.மீ. பக்கத்தில் வரும்படி வெட்டிவிட்டால் அதுவே அளவுகோல்.

கோர்க்கும்போதே கம்பி எட்டவில்லை, அல்லது தொங்குகிறது

எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி எட்டாமல் போனாலோ, எல்லாமே தொளதொளவென்று இருந்தாலோ நீளம் தவறு. பெரும்பாலும் தவறு ரிம்மின் பெயரில் நேர்ந்திருக்கும். 28 இஞ்ச் என்று சொல்லி இரண்டு வகை ரிம் விற்கிறது. பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் 28 × 1½ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; 700சி ரிம்மில் அது 622 மி.மீ. விட்டத்தில் 13 மி.மீ. என்றால் கம்பி நீளத்தில் ஆறரை மி.மீ. வித்தியாசம். 26 இஞ்சிலும் இதே கதைதான். 26 × 1⅜ என்றால் 590 மி.மீ., மலைச் சைக்கிளின் 26 என்றால் 559 மி.மீ. பெயரை நம்பிக் கம்பி வாங்காதீர்கள். ரிம்மை அளந்து வாங்குங்கள்.

அளக்கும் முறை எளிது. இரண்டு பழைய கம்பிகளை மரை முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நிப்பிளை, கம்பியின் நுனி நிப்பிள் தலையில் உள்ள ஸ்குரூ டிரைவர் பள்ளத்தின் அடிக்கு வரும்வரை ஏற்றுங்கள். இரண்டையும் ரிம்மின் எதிரெதிர் ஓட்டைகளில் செருகி உள்நோக்கி இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 400 கூட்டினால் அதுதான் ரிம்மின் கணக்கு விட்டம். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

பிறகு கணக்கு. ரிம் ஆரத்தின் வர்க்கம், ஹப்பின் இரு பக்கமும் கம்பி மாட்ட நிற்கும் தட்டில் ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் ஆரத்தின் வர்க்கம், ஹப் நடுவிலிருந்து அந்தத் தட்டு வரை உள்ள தூரத்தின் வர்க்கம் ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து 2 × ரிம் ஆரம் × தட்டு ஆரம் × கோணத்தின் கொசைன் என்ற பெருக்குத்தொகையைக் கழியுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து, கம்பி மாட்டும் ஓட்டையின் ஆரத்தைக் கழித்தால் நீளம். 32 ஓட்டை, மூன்று குறுக்கு என்றால் கோணம் 67.5 பாகை, 36 ஓட்டை, மூன்று குறுக்கு என்றால் 60 பாகை. ஒரு முன் சக்கரத்தைப் போட்டுப் பாருங்கள்: ரிம் ஆரம் 300, தட்டு ஆரம் 19, நடுவிலிருந்து தட்டு 35, ஓட்டையின் விட்டம் 2.6 மி.மீ. விடை 294 மி.மீ. வரும். அதே ஹப்பில் இரண்டு குறுக்கு போட்டால் 288-க்குப் பக்கம், நான்கு குறுக்கு போட்டால் 301. ஆக, ஒரு குறுக்கு மாறினால் 6, 7 மி.மீ. மாறிவிடும். கம்பி சரியான நீளம்தான் என்று உறுதியாகத் தெரிந்தும் எட்டவில்லை என்றால் குறுக்குகளை எண்ணிப் பாருங்கள்.

சில கம்பிகள் மட்டும் எட்டவில்லை, மற்றவை தொங்குகின்றன என்றால் நீளத்தில் தவறில்லை, கோர்ப்பில் தவறு. 32 கம்பியும் எட்டெட்டாக நான்கு கூட்டம். ஒரு கூட்டத்தின் கம்பிகள் ரிம்மில் நான்கு ஓட்டைக்கு ஒன்றாகப் போகும். இடத் தட்டின் ஓட்டைகள் வலத் தட்டின் ஓட்டைகளுக்கு நேர் எதிரே இருக்காது, அரை இடைவெளி தள்ளியிருக்கும். வலத் தட்டின் ஓட்டை வழியாக ஒரு கம்பியை ஆக்சிலுக்கு இணையாக நீட்டிப் பார்த்தால் இது விளங்கும். இடப்பக்கத்து முதல் கம்பியை இந்தத் தள்ளல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மாட்டியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். இடப்பக்கத்துக் கம்பிகளைக் கழற்றி, ஹப்பில் ஓர் ஓட்டை நகர்த்தி மாட்டினால் தீரும். முழு வீலையும் பிரிக்க வேண்டாம்.

ரிம் ஓட்டைகளும் நடுக்கோட்டில் நிற்காமல் ஒன்று வலம், ஒன்று இடம் என்று ஒதுங்கியிருக்கலாம். வலத்தில் ஒதுங்கிய ஓட்டைக்கு வலத் தட்டின் கம்பி. இது மாறிப்போனால் நிப்பிள் கோணலாக உட்காரும், கம்பி சீக்கிரம் உடையும்.

வால்வு ஓட்டையின் மேலேயே இரண்டு கம்பிகள் கூர்ங்கோணமாகக் குவிந்து பம்ப் நுழையவில்லையா? வலிமையில் குறையில்லை, ஆனால் பஞ்சர் ஒட்டி காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் தரும். வால்வின் இரு பக்கத்துக் கம்பிகளும் ஏறக்குறைய இணையாக விலகிப் போக வேண்டும். இறுக்குவதற்கு முன்பே கண்டால் பிரித்துக் கோர்ப்பது நல்லது.

நிப்பிள் நடுவழியில் இறுகி நின்றுவிடுகிறது

கம்பி நீளம் கூடிவிட்டது. மரை 9, 10 மி.மீ. நீளம்தான். அது முடிந்த இடத்தில் நிப்பிள் நின்றுவிடும். அதற்கு மேல் திருகினால் கம்பி முறுகும், இறுகாது. ரிம்மின் டயர் பக்க ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நிப்பிள் தலையில் ஸ்குரூ டிரைவர் பள்ளம் தெரியும். கம்பியின் நுனி அந்தப் பள்ளத்தின் அடிக்கும் தலையின் மேல்மட்டத்துக்கும் இடையே நின்றால் மிகச் சரி. தலைக்கு மேலே ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், ட்யூபுக்கும் நிப்பிளுக்கும் நடுவே இன்னொரு சுவர் உள்ள இரட்டைச் சுவர் ரிம்மில் ஒன்றும் ஆகாது. ஒற்றைச் சுவர் ரிம்மில் அரத்தால் ராவி விட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ட்யூபைக் குத்தும். இரண்டு மி.மீ. நீட்டினால் கம்பியை மாற்றுங்கள்.

நுனி பள்ளத்துக்குக் கீழே இரண்டு மி.மீ. ஆழத்தில் ஒளிந்திருந்தால் அது இதைவிடக் கெடுதல். கம்பி நிப்பிளின் தலைக்குள் எட்டாததால் முழுச் சுமையும் நிப்பிளின் மெல்லிய கழுத்தில் விழும். ஒருநாள் தலை பட்டென்று தெறித்து ரிம்முக்குள் விழுந்துவிடும். அலுமினிய நிப்பிளில் இது சீக்கிரமே நடக்கும்.

பக்கக் கோட்டம் போகவே மாட்டேன் என்கிறது

பாதி வீல்கள் பழுதாவது இந்தக் கட்டத்தில்தான். இங்கே நிதானம் தேவை.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. கம்பியின் மரை ஓர் இஞ்சுக்கு 56 சுற்று. நிப்பிள் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கம்பி 0.45 மி.மீ. இழுபடும். 290 மி.மீ. நீளக் கம்பி 100 கிலோ இறுக்கத்தில் நீளுவதும் ஏறக்குறைய அதே அரை மி.மீ.தான். அதாவது, தொய்வு நீங்கி நிமிர்ந்த கம்பி முழு இறுக்கத்தை எட்டும் மொத்தப் பயணமே ஒன்றிரண்டு சுற்றுக்குள் முடிந்துவிடும். அப்படியிருக்க, ஒரே நிப்பிளில் ஒரு முழுச் சுற்று கொடுத்துக் கோட்டம் எடுக்கலாம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். கடைசிக் கட்டத்தில் கால் சுற்று, அதற்கும் குறைவு.

இறுக்கத்தைக் காதால் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும், குறுக்குக்கும் ரிம்முக்கும் நடுவே, நகத்தால் வரிசையாக மீட்டுங்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கலந்து ஒப்பிடக்கூடாது. இறுக்கம் நான்கு மடங்கானால்தான் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள அந்தச் சின்ன இடைவெளி, இறுக்கத்தில் சுமார் 12 சதவீத வேறுபாடு. பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு இது தப்பவே தப்பாது. காது பழகாதவர்கள் செல்போனில் கிட்டார் ட்யூனர் செயலி வைத்துப் பார்க்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரு சுத்த ரிஷபத்துக்குள் அடங்கிவிட்டால் நல்ல வீல். இறுக்கமானி இருந்தால் எண்ணாகவே தெரியும், ஆனால் அது கட்டாயமில்லை.

இப்போது கோட்டத்துக்கு வாருங்கள். ரிம் வலப்பக்கம் தள்ளி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, அங்குள்ள நான்கைந்து கம்பிகளை மீட்டுங்கள்.

வலக் கம்பிகள் உச்ச சுருதியிலும் இடக் கம்பிகள் தாழ்ந்தும் ஒலித்தால் இயல்பான கோட்டம். வலத்தில் கால் சுற்று தளர்த்தி, இடத்தில் கால் சுற்று இறுக்குங்கள். கோட்டத்தின் நடுவில் உள்ள கம்பிக்குக் கால் சுற்று என்றால், அதன் அண்டைக் கம்பிகளுக்கு அதில் பாதி.

இரண்டு பக்கமும் மற்ற இடங்களைவிட உயர்ந்து ஒலித்தால் வலத்தைத் தளர்த்தினாலே போதும், இடத்தைத் தொடாதீர்கள். இரண்டும் தாழ்ந்து ஒலித்தால் இடத்தை மட்டும் இறுக்குங்கள். இந்த ஒரே பழக்கம் வந்துவிட்டால் கோட்டமும் இறுக்கமும் சேர்ந்தே சரியாகிக்கொண்டு வரும்.

வலக் கம்பிகள் தொய்ந்திருக்கின்றன, இடக் கம்பிகள் விறைத்திருக்கின்றன, இருந்தும் ரிம் வலப்பக்கமே நிற்கிறது என்றால் வளைந்திருப்பது ரிம்மே. உறுதிசெய்ய அந்தப் பகுதிக் கம்பிகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியும் வளைவு நின்றால் கம்பியால் அதைத் திருத்த முயலாதீர்கள். சிறிய வளைவென்றால் ரிம்மைக் கையால் எதிர்ப்பக்கம் அழுத்தி நிமிர்த்தலாம். பெரிய வளைவுக்குப் புது ரிம்தான்.

இறுக்க இறுக்கக் கோட்டம் கூடுகிறதா? திசை தவறு. நிப்பிளை டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் இறுகும். சாவி போடுவதோ ஹப் பக்கமிருந்து. அங்கிருந்து பார்க்கும்போது திசை தலைகீழ். குழப்பமாக இருந்தால் ரிம்மில் பேனாவால் ஒரு அம்பு போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே நிறுத்துவது? பக்கக் கோட்டம் அரை மி.மீ.க்குள் வந்தால் ரிம் பிரேக்குக்கே தாராளம். டிஸ்க் பிரேக் வீலில் ஒரு மி.மீ. இருந்தாலும் ஓட்டத்தில் தெரியாது. கம்பிகள் ஒரே சுருதியில் நிற்க 0.7 மி.மீ. கோட்டம் உள்ள வீல், கம்பிகள் கன்னாபின்னாவென்று இருக்க 0.2 மி.மீ. கோட்டம் உள்ள வீலைவிட எவ்வளவோ மேல்.

மேடும் பள்ளமும்

சுற்றும்போது ரிம் மேலும் கீழும் குதித்தால், இறுக்கம் பாதியளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். முழு இறுக்கத்துக்குப் பிறகு மேட்டை இறக்குவது சிரமம். மேடான இடத்தில் இட, வலக் கம்பிகளை ஜோடியாக ஒரே அளவு இறுக்குங்கள். பள்ளத்தில் ஜோடியாகத் தளர்த்துங்கள். ஜோடியாகத் தொடுவதால் பக்கக் கோட்டம் கெடாது. ரிம்மின் இரு முனையும் சேரும் ஒட்டில் சிறிய திட்டு இருந்தால் அது பிறவிக்குணம், விட்டுவிடுங்கள். பள்ளத்தில் கம்பிகள் ஏற்கெனவே தொய்ந்துகிடந்தால் அது குழியில் இறங்கி நசுங்கிய ரிம். தளர்த்த அங்கே மிச்சமில்லை.

ரிம் நேராக இருக்கிறது, ஆனால் ஃபோர்க்கின் நடுவில் நிற்கவில்லை

ரிம் ஹப்பின் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அளக்க மூன்று ஒரே உயர எவர்சில்வர் டம்ளர் போதும். சமமான மேஜையில் அவற்றைக் கவிழ்த்து வைத்து, ரிம்மை அவற்றின் மேல் படுக்க வையுங்கள். ஆக்சில் மேஜையைத் தொடாத அளவு உயரம் வேண்டும். ஆக்சிலின் லாக் நட் முகத்திலிருந்து மேஜை வரை அளந்துகொண்டு, வீலைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அளந்து பாருங்கள். வலப்பக்கம் கீழே இருக்கும்போது 42 மி.மீ., இடப்பக்கம் கீழே இருக்கும்போது 38 மி.மீ. என்றால் ரிம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எவ்வளவு? வித்தியாசம் 4, ஒதுக்கம் அதில் பாதி, 2 மி.மீ. இந்தப் பாதியை மறந்து முழு 4 மி.மீ. நகர்த்திவிட்டு மறுபக்கம் 2 மி.மீ. ஒதுங்க வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

சரிசெய்ய இடப்பக்கத்து எல்லா நிப்பிளையும் கால் சுற்று இறுக்கி அளந்து பாருங்கள். வீல் ஏற்கெனவே நல்ல இறுக்கத்தில் இருந்தால் இடத்தை இறுக்குவதற்குப் பதில் வலத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். வால்விலிருந்து தொடங்கி வால்வில் முடித்தால் எந்தக் கம்பியும் விட்டுப்போகாது.

பின் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பிகள் தொய்வாக இருக்கின்றனவே என்று பதறி அவற்றை வலப்பக்கத்துக்குச் சமமாக இறுக்கப் போகாதீர்கள். கேசட்டுக்கு (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) இடம் விட வலத் தட்டு நடுவுக்கு நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து வலத் தட்டு 18.5 மி.மீ., இடத் தட்டு 34 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தராசுத் தட்டு போலத்தான்: பக்கத்தில் இருப்பவன் அதிகம் இழுக்க வேண்டும், தள்ளி இருப்பவனுக்குக் கொஞ்சம் போதும். வலம் 110 கிலோ இழுத்தால் இடம் 60 கிலோ இழுத்தாலே ரிம் நடுவில் நிற்கும். இடத்தையும் 110 ஆக்கினால் ரிம் இடப்பக்கம் ஓடிவிடும். டிஸ்க் பிரேக் முன் சக்கரத்தில் இதே கதை பக்கம் மாறும். அங்கே டிஸ்க் உள்ள இடப்பக்கம்தான் விறைப்பாக இருக்கும்.

முதல் ஓட்டத்தில் டிங், டிங் என்று சத்தம், பிறகு கோட்டம் திரும்பிவிட்டது

கம்பி முறுகியிருந்தது. நிப்பிள் சுற்றும்போது மரை கம்பியையும் சேர்த்துத் திருகிவிடும். வீல் தரையில் உருண்டு, கீழே வரும் கம்பியின் இறுக்கம் ஒரு கணம் குறையும்போது அந்த முறுக்கு டிங்கென்று அவிழும். சில சத்தத்தோடு நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. மறுபடி கோட்டம் எடுத்தால் போதும்.

வராமல் தடுக்க, கம்பியின் நடுவில் சிறு கொடி போல ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திருகினால் கொடியும் கூடவே திரும்புவதைக் கண்ணாலேயே காணலாம். தேவையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத் திருகி, கொடி பழைய இடத்துக்குத் திரும்பும்வரை பின்னே விடுங்கள். நடுவில் மெலிந்த 1.8, 1.5 மி.மீ. கம்பிகளில் இது மிக முக்கியம், அவை எளிதில் முறுகும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. முழு இறுக்கம் வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, ஒரே பக்கத்தில் ஏறக்குறைய இணையாகப் போகும் இரண்டு கம்பிகளை இரு கைகளாலும் பிடித்து பலங்கொண்ட மட்டும் நெருக்குங்கள். வீல் முழுக்க, இரு பக்கமும். கம்பியின் கழுத்து, அதாவது தலையருகே வளைந்த பகுதி, ஹப் ஓட்டையிலும் நிப்பிள் ரிம்மிலும் அப்போதுதான் ஒழுங்காக உட்காரும். வளைத்துச் செய்தபோது கழுத்தில் தங்கிய உள்ளழுத்தமும் குறையும். நெருக்கிய பிறகு இறுக்கம் கொஞ்சம் இறங்கினால் அது நல்ல அடையாளம், உட்காராத ஏதோ உட்கார்ந்திருக்கிறது. மீண்டும் ஏற்றி, மீண்டும் நெருக்குங்கள். நெருக்கியும் இறுக்கம் இறங்காமல் நிற்கும்வரை தொடருங்கள்.

நெருக்கும்போது வீல் திடீரென்று எட்டு போல வளைந்துவிட்டது

பயப்படாதீர்கள், பெரும்பாலும் ரிம் கெடவில்லை. இறுக்கம் ரிம்மின் தாங்குதிறனைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். எல்லா நிப்பிளையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். பல ரிம்கள் தானாகவே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த பிறகு கோட்டம் எடுத்து, முன்னைவிட அரைச் சுற்று குறைவான இறுக்கத்தில் நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் செயின் பக்கத்துக்குப் பொதுவாக 100 முதல் 120 கிலோ, முன் சக்கரத்துக்கு 90 முதல் 110. ரிம் தயாரித்தவர்கள் உச்ச வரம்பு குறித்திருந்தால் அதற்குள்ளேயே நில்லுங்கள். மெல்லிய ஒற்றைச் சுவர் ரிம்முக்கு அதிக ஆசை கூடாது.

கம்பி உடைகிறது

எங்கே உடைந்தது என்பதுதான் நோய்க்குறி.

ஹப்பை ஒட்டிய கழுத்தில் உடைந்தால் உலோகச் சோர்வு. மக்கள் இறுக்கம் அதிகமானதால் உடைந்தது என்று நினைத்து மேலும் தளர்த்துகிறார்கள். நடப்பது நேர்மாறு. தொய்ந்த கம்பி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் அடிக்கு வரும்போது முற்றிலும் சுமை இழந்து, மேலே போகும்போது மீண்டும் இழுபடுகிறது. கழுத்து அசைந்து அசைந்து வெட்டுப்படுகிறது. பின் சக்கரத்தின் இடப்பக்கத்தில் அடிக்கடி உடைவதற்கு இதுவே காரணம். தீர்வு: வலப்பக்கத்தை ரிம் தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள், இடம் தானாகவே கூட ஏறும். கூடவே கழுத்து தட்டை ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டுக்கு வெளியே வரும் கம்பிகள் வில்லாக வெளியே பிதுங்கி நிற்கக்கூடாது. கட்டை விரலால் அழுத்திப் படிய வையுங்கள்.

மரையில், நிப்பிள் வாயருகே உடைந்தால் நிப்பிள் கம்பியின் நேர்கோட்டில் நிற்கவில்லை. பெரிய தட்டுள்ள ஹப்பில் குறுக்குகள் அதிகமானால் கம்பி ரிம்மை மிகச் சரிந்து தொடும். நிப்பிளுக்குப் பக்கத்தில் கம்பியைக் கட்டை விரலால் இலேசாக வளைத்து நேர்ப்படுத்துங்கள். அடுத்த முறை ஒரு குறுக்கு குறைத்துக் கட்டுங்கள்.

செயின் பக்கத்தில், வெளிக் கம்பிகள் கழுத்துக்குச் சற்று மேலே உடைந்தால் கம்பியை நகத்தால் தடவிப் பாருங்கள். வெட்டுத் தழும்பு தட்டுப்படும். செயின் பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பியைக் கடித்திருக்கிறது. தழும்புள்ள எல்லாக் கம்பியையும் மாற்றி, செயினைப் பல் மாற்றும் டீரெய்லரின் எல்லைத் திருகைச் சரிசெய்யுங்கள்.

ஒரு கம்பி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். சில வாரத்துக்குள் அதே பக்கத்தில் மூன்றாவதும் உடைந்தால் மற்றவையும் அதே சோர்வில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை முழுக்க மாற்றிவிடுவது மிச்சம்.

நாளாக நாளாக நிப்பிள் தளர்கிறது

மொத்த இறுக்கம் போதவில்லை. சுமை இழக்கும் அந்தக் கணத்தில் நிப்பிள் தானாகச் சுற்றிக்கொள்கிறது. மரையில் பசை ஊற்றிப் பூட்டுவது நோயை மூடி மறைப்பது. கம்பி தொய்ந்தே இருக்கும், பிறகு உடையும். இறுக்கத்தை ஏற்றுங்கள். புது வீலை முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒருமுறை மீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று நிரப்பியதும் கம்பி இறுக்கம் கொஞ்சம் இறங்குவது இயல்பு, காற்றின் அழுத்தம் ரிம்மை உள்நோக்கி நெருக்குவதால். அதைத் தளர்ச்சி என்று எண்ண வேண்டாம்.

நிப்பிள் முனை மழுங்கிச் சாவி வழுக்குகிறது

டயரைக் கழற்றி ஸ்குரூ டிரைவரால் மேலிருந்து திருகிப் பாருங்கள். அசையாவிட்டால் ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கம்பியை வெட்டி இரண்டையும் மாற்றுங்கள். வெட்டும் முன் அக்கம்பக்கத்துக் கம்பிகளை இரண்டு சுற்று தளர்த்த மறக்காதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் அலுமினிய நிப்பிள் பக்கமே போக வேண்டாம். உப்புக் காற்றில் அது ஓட்டையோடு அரித்து ஒட்டிக்கொள்ளும். பித்தளைதான் அங்கே சரி.

சத்தம் மட்டும்தான், வேறு கோளாறில்லை

சுற்றும்போது ரிம்முக்குள் கடகடவென்று உருண்டால் நிப்பிளோ, ஒட்டில் உடைந்த துகளோ உள்ளே கிடக்கிறது. ரிம் டேப்பைக் கழற்றி வால்வு ஓட்டை வழியாகக் குலுக்கி எடுங்கள். மிதிக்கும்போது கிரீச்சென்றால் கம்பிகள் குறுக்கில் உரசுகின்றன. ஒவ்வொரு குறுக்கிலும் அரைத் துளி எண்ணெய் வைத்து, வழிவதைத் துடைத்துவிடுங்கள், டிஸ்க்கில் படக்கூடாது. அதோடு மீட்டியும் பாருங்கள், தொய்ந்த வீலும் இப்படித்தான் முனகும்.

ரிம் ஓட்டையைச் சுற்றி விரிசல்

மயிரிழை போன்ற கோடு ஓட்டையிலிருந்து கிளம்புகிறதா? ஓட்டையைச் சுற்றி உலோகம் உள்நோக்கிப் பிதுங்கியிருக்கிறதா? இதற்கு வைத்தியம் இல்லை. அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஹப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கு விட்டமுள்ள ரிம் கிடைத்தால் கம்பியையும் காப்பாற்றலாம்: பழைய ரிம்மின் பக்கத்தில் புது ரிம்மை, வால்வு ஓட்டைகள் நேராக நிற்கும்படி நாலு இடத்தில் டேப் போட்டுச் சேர்த்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டே வாருங்கள். மாற்றும் முன், வால்வை அடுத்த ஓட்டை இரு ரிம்மிலும் ஒரே பக்கம்தான் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் மட்டும் எல்லாம் புதிது போடுங்கள்.